நிற்காமல் போய்வர வேண்டும்: ஸ்காபரோ பனியில் கூட்டமாகச் சைக்கிள் ஓடுவது

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கனடாவில், ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கமான இந்த ஸ்காபரோவில், வின்ரரில் கூட்டமாகச் சைக்கிள் ஓட ஆசை, எப்படித் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். என்ன ரயர், என்ன ஜக்கெற் என்பதெல்லாம் பிறகு.

கோடையில் ஒருவர் சப்பாத்து நாடாவைக் கட்ட நின்றால் மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள். மைனஸ் 10இல் அது நடக்காது. உழக்கிக்கொண்டிருக்கும்வரை உடம்பு அடுப்பாக எரியும், உள்ளே வியர்க்கவும் செய்யும். நின்று ஐந்து நிமிடத்தில் அந்த வியர்வை குளிர்ந்து ஈரத்துணி மாதிரி முதுகில் ஒட்டிவிடும். கூட்டம் என்றால் ஆளுக்கொரு தேவை வரும். ஒருவருக்கு மூக்குச் சிந்த வேண்டும், ஒருவருக்குக் கண்ணாடியில் பனிப்புகார் பிடித்துவிடும், ஒருவருக்கு ஏரியைப் படம் எடுக்க வேண்டும். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்தாலே பதினாறு நிமிடம்.

இதை நான் ஒரு பிழை விட்டுத்தான் படித்தேன். என் முதல் வின்ரரில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கினேன். அன்றைக்கு மைனஸ் 11. மோர்னிங்சைட் பூங்காவைத் தாண்டியதும் ஒரு தம்பியின் பின் ரயரில் காற்றுப் போய்விட்டது. ஒருவரை விட்டுவிட்டுப் போவது அழகில்லையே என்று பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றோம். குளிரில் ரயர் கல்லாக இறுகியிருந்தது. அதை விளிம்பிலிருந்து கழற்றவே பத்து நிமிடம் போனது. வால்வைத் திருகக் கையுறையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல்கள் சொல்வழி கேட்காது. எல்லாமாக இருபத்தைந்து நிமிடம். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, "இப்ப எனக்கு விரல் நோகேல்லை, சுகமாயிருக்கு" என்றார்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். குளிரில் நோவு தானாக நின்றால் அது நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரியும். கையுறையைக் கழற்றிப் பார்த்தோம். நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிலிருந்து பாதிவரை மெழுகுதிரி வெள்ளை. என் ஜக்கெற் சிப்பைத் திறந்து அவருடைய கையைக் கக்கத்துக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறம் திரும்பும்போது அவர் வலியில் அழுதுவிட்டார். தோல் கொப்பளிக்கவில்லை, அது எங்கள் நல்லகாலம். அவரை அந்தக் குளிருக்குள் நிற்கவைத்தது நான்தான். அன்றிலிருந்து நான் போடும் எந்தத் திட்டமும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: எங்கே நிற்கப்போகிறோம், எவ்வளவு நேரம்?

பாதையைத் தெரிவது

வரைபடத்தை விரித்ததும் கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்து உள்ளே போய் நிற்கக்கூடிய சூடான இடங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் குறியுங்கள். கோப்பிக் கடை, சமூக நிலையம், பெரிய மளிகைக் கடை, எதுவானாலும் சரி. அந்த நாளில் அந்த நேரத்துக்குத் திறந்திருக்குமா என்றும் பாருங்கள். ஐந்து ஆறு கிலோமீற்றருக்கு ஒன்றாவது வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பாதை கோடைக்கு உரியது.

எங்கள் வழக்கமான சுற்று மோர்னிங்சைட் பூங்காவில் தொடங்கும். ஹைலண்ட் கிறீக் ஓடையோடு கேணல் டான்ஃபோர்த் பூங்கா வழியாக ஏரிக்கரைக்கு இறங்கி, போர்ட் யூனியன் கரைப்பாதையில் றூஜ் கடற்கரைவரை போய், திரும்பும்போது லோரன்ஸ் அவெனியூ. ஏரிக்கரைதான், ஆனால் பெயர் கடற்கரை. முதல் பாதி பள்ளத்தாக்கு, இரண்டாம் பாதி றோட்டு. அப்படி வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. களைத்த பிறகு உதவி கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். லோரன்ஸில் பஸ் ஓடுகிறது. நகரத்தின் ரிரிசி பஸ்கள் பெரும்பாலானவற்றின் முன்னால் இரண்டு சைக்கிள் ஏற்றும் தட்டு இருக்கிறது. ஏரிக்கரையில் றூஜ் ஹில் கோ ரயில் நிலையம் இருக்கிறது, வார இறுதியில் அந்த ரயிலில் சைக்கிளோடு ஏறலாம். ஒருவருக்கு முடியாமல் போனால் எந்த இடத்தில் எந்த பஸ் என்று வெளிக்கிட முன்னரே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தனியாக ஏற்றி விடாதீர்கள், ஒருவர் கூடப் போகட்டும். தட்டில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம் என்பதும் வசதியாகப் போயிற்று.

மற்றச் சுற்றுகளில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் திசையை முடிவுசெய்கிறேன். உடம்பு காய்ந்திருக்கும்போது எதிர்காற்றை வாங்க வேண்டும், வியர்த்த பிறகு காற்று முதுகில் வர வேண்டும். மாறிப் போனால் கடைசி ஐந்து கிலோமீற்றரில் எல்லோரும் நடுங்குவார்கள்.

மின்கோபுரங்களுக்குக் கீழே ஸ்காபரோவைக் குறுக்கறுத்துப் போகும் மெடோவே பாதையும் நல்லது. டொன் ஆற்றுப் பக்கமிருந்து றூஜ் வரை 16 கிலோமீற்றராக அமைக்கத் திட்டமிட்டது. நேர்ப்பாதை, பழகாதவர்களுக்குப் பயமில்லை. ஆனால் வெட்டவெளி. மறைப்பே இல்லாததால் காற்று பனியை அள்ளிவந்து பாதையில் திட்டுத் திட்டாகக் குவித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பெரிய றோட்டிலும் சிக்னலுக்கு நிற்கவும் வேண்டும். காற்றில்லாத நாளில் மட்டும் அங்கே போகிறோம்.

இன்னொன்று. நகரசபை சில பாதைகளில்தான் பனி அள்ளுகிறது. பூங்காப் பாதைகள் பலவற்றின் வாசலில் வின்ரர் பராமரிப்பு இல்லை என்று பலகையே போட்டிருக்கிறார்கள். ஆகவே முந்தின நாளான சனிக்கிழமை எங்களில் ஒருவர் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். புதுப்பனி ஐந்து சென்ரிமீற்றர் என்றால் சந்தோஷமாகப் போகலாம். ஆட்கள் நடந்த தடம் இரவில் அப்படியே இறுகியிருந்தால் அதுதான் மோசம். ஒவ்வொரு காலடியும் ஒரு குழி, முன்சக்கரம் தன் பாட்டுக்குத் திரும்பும். அப்படியான வாரம் றோட்டால் மட்டும் போகிறோம்.

போகாத நாள்

முடிவு சனி இரவு எட்டு மணிக்கு, ஒரே ஆள் எடுக்க வேண்டும். காலையில் வாசலில் நின்று "போவமா விடுவமா" என்று கதைக்கத் தொடங்கினால் போக விரும்புகிறவரின் சத்தம்தான் எடுபடும், பயப்படுகிறவர் வாயைத் திறக்க மாட்டார்.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது, விண்ட் சில் கணக்கைப் பாருங்கள். மைனஸ் 10இல் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 18. காற்றே இல்லாத நாளிலும் நீங்கள் 20இல் ஓடினால் முகத்துக்கு அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். விண்ட் சில் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடாவின் வானிலைத் துறை சொல்கிறது. எங்கள் கூட்டத்துக்கு நான் வைத்த கோடு மைனஸ் 20. தனியாக ஓடுகிறவர்கள் அதைவிடக் குளிரிலும் போய்வருகிறார்கள், அது அவர்கள் விருப்பம். கூட்டத்தில் ஒருவருடைய ரயர் எட்டுப் பேரை நிறுத்திவிடும்.

உறைமழை அறிவித்திருந்தால் பேச்சே இல்லை, ரத்து. பகலில் மழை பெய்து இரவில் பூச்சியத்துக்குக் கீழே போன நாளும் அப்படித்தான்.

டிசெம்பர் கடைசியில் இங்கே 7:50 அளவில்தான் விடிகிறது, 4:45 அளவில் இருட்டிவிடுகிறது. நாங்கள் ஒன்பதுக்கு வெளிக்கிட்டுப் பதினொன்றரைக்குள் முடித்துவிடுவோம். ஒன்ராறியோச் சட்டப்படி சூரியன் மறைய அரைமணி நேரத்துக்கு முன்னரிருந்து விடிந்து அரைமணி நேரம் வரை முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் லைற் எரிய வேண்டும், பின்னால் சிவப்பு லைற்றோ ஒளியைத் திருப்பியடிக்கும் வில்லையோ இருக்க வேண்டும், மணியும் கட்டாயம். நாங்கள் பகலிலும் லைற்றை எரியவிட்டே ஓடுகிறோம். பனிநாளில் எல்லாமே சாம்பல் நிறம், கார்க் கண்ணாடிகளிலும் உப்பு அப்பியிருக்கும். குளிரில் பற்றறி கெதியாக இறங்கும் என்பதால் மேலதிக லைற் ஒன்றை உடுப்புக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கைத்தொலைபேசியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

உடுப்பு

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கூடுதலாக உடுத்துக்கொண்டு வருவார்கள். வெளிக்கிடும் முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் அளவு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் மூன்றாவது கிலோமீற்றரில் நனைந்துவிடுவீர்கள்.

பருத்தி வேண்டாம். நாங்கள் ஊரில் பருத்தியில் வளர்ந்தவர்கள், அது உடம்புக்கு நல்லது என்பது மனதில் ஊறிப்போன விஷயம், அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது. தோலோடு மெல்லிய கம்பளியோ பொலியெஸ்ரரோ, அதற்கு மேல் ஒரு ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜக்கெற். அவ்வளவு போதும். ஜக்கெற்றின் சிப்தான் உங்கள் வெப்பக் கட்டுப்பாடு. ஏற்றத்தில் திறவுங்கள், இறக்கத்துக்கு முன் பூட்டுங்கள். நின்ற பிறகு இல்லை, ஓடிக்கொண்டே.

கைக்கும் காலுக்கும்தான் பணம் செலவழிக்க வேண்டும். ஹாண்டிலில் மாட்டும் பெரிய உறைகள் இருக்கின்றன, கையை உள்ளே விட்டு பிறேக்கைப் பிடிக்கலாம். பார்க்க அழகில்லை. மைனஸ் 10க்குக் கீழே அதற்கு நிகர் எதுவுமில்லை, உள்ளே ஒரு மெல்லிய கையுறை போதும். அது இல்லாதவர்கள் இரண்டிரண்டு விரலாகப் பிரிந்த நண்டுக்கால் கையுறை போடலாம்.

சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு சோடிக் காலுறையை அடைத்து இறுக்கினால் இரத்தம் ஓடாது, கால் இன்னும் கெதியாக விறைக்கும். உள்ளே பெருவிரலை மடக்கி நீட்ட முடிய வேண்டும். சப்பாத்தைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பெடல் போடுங்கள். கிளிப்பின் இரும்பு குளிரைக் காலுக்குக் கடத்தும், சறுக்கும்போது காலை ஊன்றவும் நேரம் கிடைக்காது. ஹெல்மெற்றுக்குக் கீழே காதை மூடும் மெல்லிய தொப்பி. தடித்த தொப்பி போட்டு ஹெல்மெற்றை உச்சியில் தூக்கி வைப்பது ஹெல்மெற் போடாததற்குச் சமம்.

சைக்கிள்

புதுச் சைக்கிள் வாங்க வேண்டாம், ஆணி ரயர் வாங்குங்கள். ரங்ஸ்ரன் காபைட் முனையுள்ள சின்னச் சின்ன ஆணிகள் ரயரில் பதிந்திருக்கும். பனிக்கட்டியில் அவை கடிக்கும் சத்தத்தைக் கேட்ட பிறகு சாதாரண ரயரில் யாரும் வரமாட்டார்கள். இரண்டும் வாங்க முடியாவிட்டால் ஒன்றை முன்னுக்குப் போடுங்கள். பின்சக்கரம் சறுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். புது ஆணி ரயரை முதல் 40 கிலோமீற்றருக்கு வெறும் தார் றோட்டில் ஆறுதலாக ஓட்டி ஆணிகளை இருத்த வேண்டும், பட்டென்று பிறேக் பிடிக்கக் கூடாது. அதை நவம்பரிலேயே செய்துவிடுங்கள்.

வீட்டுக்குள் 20 பாகையில் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்கு அடித்த ரயர் மைனஸ் 10இல் 52, 53க்கு இறங்கிவிடும். பனியில் அது நல்லதுதான், பிடிப்புக் கூடும். தார் றோட்டில் நெடுநேரம் ஓடுவதென்றால் கணக்குப் பார்த்து அடியுங்கள். நான்கு அங்குல ரயர் போட்ட ஃபற் பைக்கோடு வருகிறவர்கள் பள்ளத்தாக்கில் ஐந்து எட்டு பிஎஸ்ஐயிலேயே ஓடுகிறார்கள், மெத்தையில் போகிற மாதிரி. ஆனால் றோட்டில் அவர்களுக்கு இழுவை அதிகம். கூட்டத்தின் வேகத்தை அவர்களுக்கு ஏற்பத்தான் வைக்க வேண்டும்.

வெளிக்கிட அரைமணி முன்னர் சைக்கிளை வெளியே வைத்துவிடுங்கள். சூடான சைக்கிளில் விழும் பனி உருகி, பல்லுச் சக்கரத்திலும் பிறேக்கிலும் ஓடி, அங்கே மறுபடி உறையும். குளிர்ந்த சைக்கிளில் பனி தூளாகவே இருந்து உதிர்ந்துவிடும்.

மட்காட் இரண்டுக்கும் போடுங்கள், பின்னதில் நீளமான ரப்பர் துண்டு ஒன்று தொங்கட்டும். அது உங்களுக்காக இல்லை. அது இல்லாவிட்டால் உங்கள் ரயர் வாரியடிக்கும் உப்புச் சேறு உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் முகத்துக்குத்தான் போகும்.

ஓடும்போது

யாழ்ப்பாணத்தில் நான் ரியூசனுக்குப் போன காலம் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, ஊர் முழுக்கச் சைக்கிள். நாங்கள் நான்கு பிள்ளைகள் றோட்டை அடைத்துக்கொண்டு, ஒருத்தியின் தோளில் மற்றவள் கை போட்டு, கதைத்துக்கொண்டே உழக்குவோம். கூட்டமாகச் சைக்கிள் ஓடுவது என்றால் இன்றைக்கும் என் மனதில் வருவது அந்தக் காட்சிதான். பனியில் அது முடியாது. ஒற்றை வரிசை, இரண்டு பேருக்கிடையில் மூன்று நான்கு சைக்கிள் நீளம் இடைவெளி. பனிக்கட்டியில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவர் விலகவும் முடியாது, நிற்கவும் முடியாது, அவர் மேலேதான் ஏறுவார்.

முன்னால் என்ன இருக்கிறது என்று கையால் சைகை காட்ட வேண்டாம், இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கட்டும். வாயால் சொல்லுங்கள். "ஐஸ்!" என்று முன்னுக்குப் போகிறவர் கத்தினால் ஒவ்வொருவரும் அதைத் திரும்பக் கத்திப் பின்னுக்கு அனுப்ப வேண்டும். காதை மூடிய தொப்பியோடு எட்டாவது ஆளுக்கு முதலாவது ஆளின் குரல் கேட்காது. "பாலம்!" என்பதும் எங்களுடைய சொல். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று போவதால் பக்கத்து நிலம் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். ஹைலண்ட் கிறீக்கில் ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும், ஒவ்வொரு பாலத்துக்கும் சொல்கிறோம்.

பனிக்கட்டியில் ஏறிவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். உழக்கைக் குறையுங்கள், நேரே பாருங்கள், முன் பிறேக்கைத் தொடாதீர்கள், திருப்பாதீர்கள். வேகத்தைக் குறைப்பதென்றால் அதற்கு முன்னமே குறைத்திருக்க வேண்டும். வளைவுகளிலும் அதேதான், பிறேக் வளைவுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

எங்களில் மிகத் தைரியமானவர் முன்னுக்குப் போவதில்லை. முன்னுக்குப் போகிறவர் பாதை தெரிந்தவராக, பின்னுக்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவராக இருக்க வேண்டும். கடைசி ஆள்தான் கூட்டத்தில் முக்கியமானவர். பம்ப், ரியூப், முதலுதவிப் பை எல்லாம் அவரிடம். அவரைத் தாண்டி யாரும் பின்னுக்குப் போகக்கூடாது. வேகம், கூட்டத்தில் ஆக மெதுவாக ஓடுகிறவரின் வேகம்தான். மெதுவாக ஓடுகிறவரை இடையிடையே நின்று காத்திருந்தால் முன்னால் போனவர்கள் நின்று விறைப்பார்கள், அவரோ ஓய்வில்லாமல் வந்து சேர்ந்த உடனேயே திரும்ப வெளிக்கிட வேண்டியிருக்கும். எல்லோரும் மெதுவாக ஓடினால் நிற்கவே தேவையில்லை.

இனி முகம் பார்ப்பது. இதை எங்கள் கூட்டத்தில் யாரும் தவறவிடுவதில்லை. வெளிக்கிடும்போதே சோடி சேர்க்கிறோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை "முகம்!" என்று குரல் வரும். அகலமான இடத்தில் வேகத்தைக் குறைத்து, சோடிகள் பக்கத்தில் வந்து ஒருவரை ஒருவர் பார்ப்போம். மூக்கு நுனி, கன்னத்து எலும்பு, தெரிகிற அளவில் காது. எங்கள் நிறத்தில் வெள்ளைத் திட்டு என்று தெளிவாகத் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு பூசின மாதிரி ஒரு மங்கல் தெரியும். உறைந்தவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அங்கே நோவு நின்றுவிடும். "கைவிரலைச் சொல்லு" என்றும் கேட்போம். நோகுது என்றால் பரவாயில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் உடனே அடுத்த சூடான இடத்துக்குப் போகிறோம், எல்லோரும்.

அப்படித் திட்டு கண்டால் தேய்க்காதீர்கள். பனியால் தேய்த்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், தோல்தான் கிழியும். சூடான உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தாமல் பிடியுங்கள். விரல் என்றால் கக்கத்துக்குள். உள்ளே போன பிறகும் நிறமோ உணர்ச்சியோ திரும்பவில்லை, அல்லது கொப்பளம் வருகிறது என்றால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

றோட்டில்

பனி அள்ளிய பிறகு கரையில் குவியல் இருக்கும், றோட்டு ஒடுங்கிவிடும். குவியலை ஒட்டி ஓடாதீர்கள். சக்கரம் அதில் தட்டினால் காருக்கு முன்னால்தான் விழுவீர்கள். கார்ச் சக்கரம் துடைத்துவிட்ட தடம் தெரியும், வலப்பக்கத் தடத்தில் ஓடுங்கள். முந்திச் செல்லும் வாகனம் முடிந்தவரை ஒரு மீற்றர் விட வேண்டும் என்று 2015இலிருந்து ஒன்ராறியோவில் சட்டம் இருக்கிறது. ஓரத்தில் ஒடுங்கிப் போகிறவருக்கு அந்த ஒரு மீற்றர் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

கறுப்பு ஐஸைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்னால் போகும் காரின் ரயரைப் பாருங்கள். றோட்டு நனைந்து மினுங்குகிறது, ஆனால் ரயர் தண்ணீரைச் சிதறவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை. அப்புறம், கார்கள் மிதித்து உப்போடு கலந்து பழுப்புச் சீனி மாதிரி ஆன பனி. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், ஆணி ரயருக்கும் அதில் பிடி கிடைக்காது. சந்திகளில்தான் அது சேர்ந்திருக்கும். இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

காற்றுப் போனால்

பழைய பிழையிலிருந்து வந்த விதி இது. காற்றுப் போனவரோடு கடைசி ஆள் மட்டும் நிற்பார். மற்ற ஆறு பேரும் அடுத்த சூடான இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிற்கிற இரண்டு பேரும் அந்த இடத்தில் ரயரைக் கழற்றத் தொடங்கக் கூடாது. முதலில் பம்பால் அடித்துப் பார்ப்பார்கள். மெதுவாகப் போகிற காற்றென்றால் அதோடு அடுத்த கதவுவரை போய்விடலாம். முடியாவிட்டால் உருட்டிக்கொண்டு நடப்பார்கள், நடந்தால் உடம்பு சூடாக இருக்கும். ரியூப் மாற்றுவது உள்ளே போன பிறகு, அல்லது குறைந்தபட்சம் பஸ் தரிப்பின் கண்ணாடி மறைப்புக்குள்.

குளிரில் வரும் இன்னொரு கோளாறு புதியவர்களைக் கலங்கவைக்கும். பெடல் வெறுமையாகச் சுற்றும், சக்கரம் நகராது. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் கப்பிக்குள் ஈரம் போய் உறைந்தோ, கிரீஸ் இறுகியோ உள்ளிருக்கும் கொளுக்கிகள் பல்லில் பிடிக்காமல் நின்றுவிடும். றோட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே கொண்டுபோய் இருபது நிமிடம் வைத்தால் பிடிக்கத் தொடங்கும். திரும்பவும் உறையும் என்பதால் அந்தச் சைக்கிள் அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டும்.

தேத்தண்ணி

கோடைப் போத்தலைக் கொண்டு வராதீர்கள், அரைமணியில் வாய் உறைந்துவிடும். வேறு வழியில்லை என்றால் சுடுதண்ணீர் நிரப்பித் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்து பிடிக்கத் தொடங்குவதால் மூடிப் பக்கம் திறந்திருக்கும். நாங்கள் ஃபிளாஸ்க்கில் இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேத்தண்ணி கொண்டுபோகிறோம், சீனி போடுவதில்லை. பனங்கட்டியை வீட்டிலேயே பாக்களவு துண்டாக உடைத்துச் சின்னப் பையில் போட்டு, கையுறைக்குள் உள்ளங்கைப் பக்கம் வைத்துக்கொள்வேன். உடம்புச் சூட்டில் அது லேசாக இளகியிருக்கும். ஒரு கடி, ஒரு மிடறு. கடையில் விற்கும் சக்திக் கட்டிகள் மைனஸ் 10இல் பல்லை உடைக்கிற மாதிரி இறுகிவிடும், எள்ளுப்பாகும் அப்படித்தான். தாகம் தெரியாவிட்டாலும் குடியுங்கள், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டேயிருக்கிறது.

வெளியே நின்று குடிப்பதென்றால் மூன்று நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்வேன். என்னில் கோபிக்கிறவர்களும் உண்டு. றூஜ் கடற்கரையில் ஏரிக்கு மேலே ஆவி எழும்பி வெயில் அதில் படும் காலைகளில் எனக்கும் அங்கிருந்து வர மனமில்லைதான். அப்படியான நாளில் மூன்று நிமிடமும் நடந்துகொண்டே பார்க்கிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு சொல் அனுப்ப வேண்டும். எட்டும் வந்த பிறகுதான் நான் குளிக்கப் போவேன்.

அதற்கு முன் சைக்கிளை உள்ளே எடுத்து ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள். குழாயால் அடிக்காதீர்கள், கப்பிக்குள் தண்ணீர் போகும். துணியால் துடைத்து, செயின் காய்ந்ததும் ஈரக் காலநிலைக்குரிய எண்ணெய் விடுங்கள். உப்பை ஒரு கிழமை விட்டால் செயின் செங்கல் நிறமாகிவிடும். பெடல் மரையையும் சீற் தண்டையும் மாதமொருமுறை கழற்றிக் கிரீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் கழராது. சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடையுங்கள், மறுநாள் தாளை மாற்றுங்கள்.

மார்ச்சில் பனி உருகத் தொடங்கியதும் மண் பாதைகளுக்குப் போவதை நிறுத்திவிடுங்கள். குறொதர்ஸ் வூட்ஸ் போன்ற காட்டுப் பாதைகளில் இளகிய மண்ணில் ஓடினால் ரயர்த் தடம் வாய்க்காலாகிவிடும், அதைச் சரிசெய்ய ஒரு கோடை எடுக்கும். காலை நேரத்தில் நிலம் இறுகியிருந்தால் போகலாம், வெயில் ஏறமுன் வெளியே வந்துவிட வேண்டும். றோட்டுக்கு ஆணி ரயரை ஏப்ரல் நடுப்பகுதிவரை கழற்றுவதில்லை, காலையில் பாலங்களில் இன்னும் உறைந்திருக்கும். கழற்றும்போது எது முன்சக்கரம், எது பின்சக்கரம், எந்தப் பக்கம் சுழன்றது என்று ரயரின் பக்கத்தில் சோக்கால் அம்புக்குறி போட்டு வையுங்கள். நவம்பரில் அதே பக்கம் சுழலும்படிதான் திரும்பப் பூட்ட வேண்டும், மாற்றிப் பூட்டினால் இருந்துபோன ஆணிகள் தளர்ந்து விழும்.